கடை வாசலில் கலைநயமான சைக்கிள் ரேக்: டம்ளர் வடிவம் சரிவருமா?

கேள்வி: அமெரிக்க நகரம் ஒன்றில் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறோம். சைக்கிளில் வருகிற வாடிக்கையாளர்கள் நிறைய. மரத்திலும் போக்குவரத்துப் பலகைக் கம்பத்திலும் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள். வாசலில் இடம் குறைவு. டவரா டம்ளர் வடிவத்தில், பார்க்க அழகாக, இடத்தையும் அடைக்காமல் ஒரு சைக்கிள் ரேக் வைக்க ஆசை. வெல்டிங் பட்டறைக்காரரோ சுவரில் செங்குத்தாக மாட்டும் கொக்கிதான் இடத்தை மிச்சப்படுத்தும் என்கிறார். எதைச் செய்யலாம்?

டம்ளர் வைக்கலாம். டவராவை விட்டுவிடுங்கள். சுவர்க் கொக்கி வேண்டவே வேண்டாம். சுருக்கமான பதில் இதுதான். காரணம் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சைக்கிள் ரேக் என்பது பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் பெரிய பெரிய ஆட்களே கோட்டைவிட்ட சமாசாரம்.

ரேக்கின் வேலை இரண்டே இரண்டு. வண்டி விழக் கூடாது, திருடு போகக் கூடாது. விழாமல் நிற்க, ஃபிரேமை இரண்டு இடங்களில் தாங்க வேண்டும். ஒரே இடத்தில் தாங்கினால் ஹேண்டில்பார் தானாகத் திரும்பி, முன்சக்கரம் நழுவி, வண்டி சாய்ந்துவிடும். திருட்டுக்கு, ஃபிரேமையும் ஒரு சக்கரத்தையும் ஒரே யூ பூட்டுக்குள் (யூ எழுத்து மாதிரி வளைந்த இரும்புப் பூட்டு) அடக்கி ரேக்கோடு பூட்ட முடிய வேண்டும். இந்தக் காலத்துச் சக்கரங்கள் பலவற்றைக் கருவி இல்லாமல் கையாலேயே கழற்றிவிடலாம். சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது சக்கரம் மட்டும்தான் இருக்கும். பழைய பள்ளிக்கூடங்களில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கம்பி வைத்த ரேக் இருக்குமே, அதை இப்போது யாரும் சிபாரிசு செய்வதில்லை. அது சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், பக்கத்தில் ஒருவர் இடித்தால் சக்கரத்தை வளைக்கவும் செய்யும்.

இந்த இரண்டு வேலையையும் குறைந்த செலவில் செய்வது தலைகீழாக நட்ட யூ வடிவக் குழாய். பிரிட்டனில் இதை ஷெஃபீல்டு ஸ்டாண்டு என்பார்கள். அந்த ஊரில் மிஞ்சிப்போன பழைய எரிவாயுக் குழாய்களை வளைத்து நட்டதில் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். உயரம் 75 சென்டிமீட்டர் அளவு, அகலம் 70 முதல் 100 வரை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள். அமெரிக்காவில் 90 செ.மீ. வரை உயரம் வைக்கிறார்கள். இதில் கலையும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. அதனால்தான் இதைவிட அழகாகச் செய்கிறேன் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் கிளம்புகிறார்.

அப்படிக் கிளம்பியதில் மிகப் பிரபலமானது அலை வடிவ ரேக். பூங்கா, நூலகம், அடுக்குமாடி வாசல் என்று எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். ஒரே குழாய் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகும். அதன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. டேவிட் லெவின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒற்றைக் கம்பியை அலை அலையாக வளைத்துச் சிற்பங்கள் செய்துவந்தார். அவர் வீட்டுக்கு வந்த சைக்கிள் பிரியர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, இது நல்ல சைக்கிள் ரேக் ஆகுமே, வளைவுக்கு அடியிலும் விடலாம், மேலேயும் விடலாம் என்றார். லெவின் வளைவுகளைக் கொஞ்சம் அகலமாக்கி, நேர்ப் பகுதிகளை நிமிர்த்தி, தடித்த கால்வனைஸ் குழாயில் செய்தார். ரிப்பன் ரேக் என்ற பெயரில் 1979இல் விற்பனைக்கு வந்தது. நன்றாக ஓடியது, வடிவமைப்புத் துறையில் பாராட்டும் கிடைத்தது. பின்னாலேயே இன்னொரு நிறுவனம் அதே மாதிரி ரேக்கைச் சந்தைக்குக் கொண்டுவர, லெவினின் பிராண்டிர் நிறுவனம் இது எங்கள் சிற்பம், பதிப்புரிமை (காப்பிரைட்) எங்களுடையது என்று வழக்குப் போட்டது.

1987இல் நியூயார்க்கில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிற்பமாக ஆரம்பித்தது உண்மைதான், ஆனால் ரேக் ஆக்குவதற்காக வடிவத்தை மாற்றியபோதே கலையும் பயனும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. எனவே கலைப்படைப்புக்கு உரிய பதிப்புரிமை இதற்குக் கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். அமர்வில் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்தச் சைக்கிள் ரேக் வழக்கைப் பாடமாக நடத்துகிறார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம், சியர்லீடர் சீருடை பற்றிய ஒரு வழக்கில், இந்த அளவுகோலையே மாற்றிவிட்டது என்பது வேறு கதை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், பயன்பாட்டுக்காகச் செதுக்கப்பட்டது என்று சொல்லி நீதிமன்றம் நிராகரித்த அந்த வடிவம், பயன்பாட்டிலும் தேறவில்லை. அலை ரேக்கில் வண்டியைக் குறுக்காக விட்டால் ஒரே இடத்தில்தான் தாங்கும். வண்டி ஆடும். அதனால் மக்கள் என்ன செய்கிறார்கள்? ரேக்குக்கு இணையாக, பக்கவாட்டில் சாய்த்துப் பூட்டிவிடுகிறார்கள். ஐந்து வண்டி நிற்கும் என்று விற்கப்பட்ட ரேக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். அமெரிக்காவின் பாதசாரி-சைக்கிள் துறை வல்லுநர் சங்கம் வெளியிடும் நிறுத்துமிட வழிகாட்டியில், தவிர்க்க வேண்டிய வகைகளில் இந்த அலை ரேக்கும் ஒன்று.

அப்படியானால் கலையும் ரேக்கும் ஒத்துவராதா என்றால், வரும். 2008இல் நியூயார்க் நகரில் ஒன்பது ரேக்குகள் முளைத்தன. செய்தவர் டாக்கிங் ஹெட்ஸ் இசைக்குழுவின் பாடகராக இருந்த டேவிட் பைர்ன். பல ஆண்டுகளாக அந்த ஊரில் சைக்கிளிலேயே சுற்றுகிறவர். நகரப் போக்குவரத்துத் துறை புதிய ரேக் வடிவமைப்புக்காக ஒரு போட்டி நடத்தி, நடுவர்களில் ஒருவராக அவரை அழைத்தது. அவர் சும்மா இருக்காமல் தானும் சில படங்களை வரைந்து அனுப்பினார். துறையினருக்குப் பிடித்துப்போய், செய்துவைத்தார்கள். வால் ஸ்ட்ரீட்டில் டாலர் குறி, புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் எலெக்ட்ரிக் கிதார், ஐந்தாம் அவென்யூவின் துணிக்கடைப் பக்கம் குதிகால் உயர்ந்த செருப்பு, நியூ ஜெர்சிக்குப் போகும் சுரங்கப்பாதைப் பக்கம் ஒரு கார், மேற்கே ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் ஒரு காபிக் கோப்பை. ஆமாம், உங்கள் யோசனைக்கு முன்னோடி உண்டு.

அந்த ஒன்பதையும் படத்தில் பாருங்கள். எல்லாமே வெளிக்கோடு மட்டும். நிரப்பிய தகடு இல்லை, முப்பரிமாணச் சிற்பம் இல்லை. ஒரு குழந்தை பென்சிலால் வரைந்த மாதிரி ஒரே கோட்டில் உருவம் தெரியும், உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் பூட்டு நுழைகிறது. டாலர் குறியானாலும் செருப்பானாலும், அடிப்படையில் அது வளைத்து நட்ட குழாய்தான். அதே ஆண்டு நகரத்தின் போட்டியில் வென்றதும் இப்படிப்பட்ட எளிமைதான்: கோபன்ஹேகனைச் சேர்ந்த இயான் மஹாஃபி, மார்ட்டன் டி கிரீவ் இருவரும் கொடுத்த வட்ட வளையம். நடுவில் குறுக்கே ஒரு பட்டை, அவ்வளவுதான். இன்று நியூயார்க் நடைபாதைகளில் ஆயிரக்கணக்கில் நிற்பது அதுதான்.

இதற்கு நேர்மாறான தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். யூ வடிவக் குழாயை வாங்கி, நடுவில் கடையின் பெயரையோ மீன், பூ, நாய் என்று ஏதாவது உருவத்தையோ லேசரில் வெட்டிய தகட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். படம் எடுத்தால் ஜோராக இருக்கும். ஆனால் யூ பூட்டின் உள்ளளவு பெரும்பாலும் 10 செ.மீ.க்கு 20 செ.மீ.தான். அது குழாயையும் ஃபிரேமையும் சக்கரத்தையும் சுற்றி வர வேண்டும். தகடு குறுக்கே நின்றால் எங்கே நுழையும்? தகடு வைத்தே ஆக வேண்டும் என்றால் மேல் மூலையில் சின்னதாக வைத்துவிட்டு, மற்ற இடம் முழுவதையும் காலியாக விடுங்கள்.

சரி, இனி இடம். பட்டறைக்காரர் சொல்லும் செங்குத்துக் கொக்கி இடத்தை மிச்சப்படுத்தும் என்பது பொய்யில்லை. அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், தினமும் அதே ஆட்கள் காலையில் மாட்டி மாலையில் எடுத்துப் போகும் அறையில் அது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் கடைக்கு வருகிறவர் தோசை சாப்பிட அரைமணி நேரம் நிறுத்துகிறவர். அவருக்கு முன்சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டப் பொறுமை இருக்காது. மின்சார சைக்கிள் 25 கிலோ இருக்கும். முதியவர்கள், குழந்தை இருக்கை பொருத்திய வண்டிக்காரர்கள், வண்டியில் கூடை வைத்திருப்பவர்கள் யாருக்கும் ஆகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கான அமெரிக்க விதிகளின்படி, தரையிலிருந்து 27 அங்குலத்துக்கும் 80 அங்குலத்துக்கும் நடுவில் சுவரிலிருந்து எதுவும் நடைவழிக்குள் 4 அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது. பார்வையற்றவரின் கோல் தரையைத்தான் தடவும். இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி கோலில் படாமல் ஆள்மீது படும். வெறும் கொக்கி இந்த விதியில் நேராக மாட்டிக்கொள்ளும்.

அடுத்து யாராவது உங்களிடம் சாய்வாக நடச் சொல்வார்கள். 45 டிகிரியில் சாய்த்து நட்டால், நேராக நிறுத்தும்போது கிட்டத்தட்ட 2 மீட்டர் வேண்டிய ஆழம் சுமார் 1.4 மீட்டராகக் குறையும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ரேக்குகளுக்கு இடையே வழக்கமான 90 செ.மீ. இடைவெளி வேண்டும் என்றால், சாய்வில் தெரு நீளவாக்கில் ஒவ்வொரு ரேக்குக்கும் சுமார் 1.27 மீட்டர் போய்விடும். அதாவது ஆழத்தில் மிச்சம் பிடித்ததை நீளத்தில் கட்டுகிறீர்கள். நடைபாதை குறுகல், ஆனால் கடை முகப்பு நீளம் என்றால் சாய்வு சரி. உங்களுக்கு இரண்டுமே குறைவு என்கிறீர்கள், எனவே பிரயோசனமில்லை.

நெதர்லாந்தில் வேறொரு தந்திரம் உண்டு. ஒரு சக்கரத்தைத் தரையிலும் அடுத்ததைக் கொஞ்சம் மேலேயும் வைத்தால் ஹேண்டில்பார்கள் மோதாது. அவர்களின் தர அளவுப்படி ஒரே உயரத்தில் 65 செ.மீ. இடைவெளி வேண்டும், இப்படி மேல்-கீழாக வைத்தால் 37.5 போதும். கிட்டத்தட்ட இரட்டிப்பு வண்டி. ஆனால் அங்கே சைக்கிளோடு காலூன்றும் ஸ்டாண்டும் பின்சக்கரப் பூட்டும் வந்துவிடுகின்றன. அமெரிக்கச் சைக்கிள்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. ரேக்தான் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும். நம்மூரைக்கூட யோசித்துப் பாருங்கள். இரட்டைக்கால் ஸ்டாண்டும் பின்சக்கரப் பூட்டும் வண்டியிலேயே இருந்ததால் ரயில் நிலையத்திலோ சினிமா தியேட்டரிலோ சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு கம்பிகூடத் தேவைப்படவில்லை. டோக்கன் கொடுக்கும் ஆள் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரச அடுக்கிவிடுவார், கேட்டால் அவரே இழுத்துக் கொடுப்பார். உலகத்திலேயே மிக நெருக்கமான நிறுத்துமிடம் அதுவாகத்தான் இருக்கும். சம்பளத்துக்கு ஆள் போடாமல் அந்த நெருக்கம் வராது.

ஆக, இயந்திரத்தனமான தந்திரம் எதுவும் கடை வாசலில் பெரிதாக மிச்சம் பிடிப்பதில்லை. மிச்சம் வருவது ரேக்கை எங்கே நடுகிறோம் என்பதில். நடைபாதையின் ஓரத்தில், மரமும் விளக்குக் கம்பமும் நிற்கும் அந்த வரிசை இருக்கிறதே, அங்கே யாரும் நடப்பதில்லை. அந்த வரிசையிலேயே, தெருவுக்கு இணையாக, ஓரக்கல்லிலிருந்து 60 முதல் 90 செ.மீ. தள்ளி ரேக்கை நட்டால் நடக்கிறவர்களிடமிருந்து பெரிதாக இடம் எடுக்கவேண்டியிருக்காது. 60க்குக் குறைத்தால் பக்கத்தில் நிற்கும் காரின் கதவு இடிக்கும். லண்டனில் ஆண்டனி லாவ் என்பவர் 2006இல் ஒரு வடிவமைப்புப் போட்டியில் வென்ற சைக்கிள்ஹூப் என்ற யோசனை இதைவிட ஒரு படி மேல்: ஏற்கெனவே நிற்கும் பலகைக் கம்பத்தைச் சுற்றி ஒரு வளையத்தைப் பொருத்திவிடுவது. கம்பம் மட்டும் இருந்தால் பூட்டிய வண்டியை அப்படியே மேலே தூக்கிக் கழற்றலாம். வளையம் இருந்தால் முடியாது. நியூயார்க்கில் பழைய ஒற்றைக் கார் மீட்டர்களை எடுத்தபோது, கம்பங்களைப் பிடுங்காமல் சிலவற்றில் வளையம் மாட்டி ரேக் ஆக்கினார்கள். உங்கள் வாசலில் மக்கள் ஏற்கெனவே ஒரு பலகைக் கம்பத்தில் பூட்டுகிறார்கள் என்றால், நகராட்சியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அந்தக் கம்பத்தைப் பற்றியதுதான்.

நடைபாதையில் இடமே இல்லை என்றால் கடைசி வழி, உண்மையில் சிறந்த வழியும்கூட, தெருவில் இறங்குவது. ஓரத்தில் ஒரு கார் நிற்கும் இடம் சுமார் 6 மீட்டருக்கு 2.4 மீட்டர். அதில் பத்து, பன்னிரண்டு சைக்கிள் தாராளமாக நிற்கும். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து 2004இல் ஒரு காபிக் கடை முன்னால் இப்படி முதல் இடத்தை ஒதுக்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஊரில் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது, கேட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களே. தெருமுனையில் வைத்தால் இன்னொரு லாபம்: சைக்கிள்கள் காரைவிடக் குட்டை, எனவே திரும்பும் ஓட்டுநருக்கும் தெருவைக் கடப்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். லாவின் நிறுவனம் இதையே கேலியாகச் செய்த ஒரு ரேக் இருக்கிறது. காரின் பக்கவாட்டு உருவத்தைக் குழாயில் செய்து, ஒரு கார் இடத்தில் பத்து சைக்கிளை நிறுத்துவது. ஒரு கார், பத்து வண்டி என்று பலகை எழுதி வைக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரிந்துவிடும். கலைநயமும் இடச் சிக்கனமும் ஒரே பொருளில் உண்மையாகவே சேர்ந்ததற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கார் இடம் போனால் வியாபாரம் போகுமே என்று பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். அவருக்குக் காட்ட இரண்டு விஷயம். மெல்போர்னின் லைகன் தெருவில், உங்கள் கடை மாதிரி உணவகங்கள் நிறைந்த தெரு அது, ஒரு ஆய்வு செய்தார்கள். சைக்கிளுக்கு ஒதுக்கிய ஒவ்வொரு சதுர மீட்டரும் மணிக்கு 31 ஆஸ்திரேலிய டாலர் வியாபாரம் கொண்டுவந்தது. காருக்கு ஒதுக்கியது 6 டாலர். சைக்கிள்காரர் அதிகம் செலவழிக்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை, ஒரு காரின் இடத்தில் நிறைய பேர் வந்துபோகிறார்கள் என்பதுதான். போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெல்லி கிளிஃப்டன் குழு 2012இல் செய்த ஆய்வும் இதே திசையில்தான்: உணவகம், மதுக்கூடம், சின்னக் கடைகளில் சைக்கிள்காரர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகச் செலவழிக்கிறார், ஆனால் அடிக்கடி வருவதால் மாதக் கணக்கில் கார்க்காரரை மிஞ்சுகிறார். சூப்பர்மார்க்கெட்டுக்கு இது பொருந்தாது; அங்கே டிக்கி நிறைய வாங்குகிற கார்க்காரர்தான் ராஜா. பக்கத்துக் கடை பலசரக்குக் கடை என்றால் அவர் கவலையில் நியாயம் இருக்கிறது, வாதம் பண்ணாமல் வேறு பக்கமாக இடம் பாருங்கள்.

இப்போது டம்ளர். உங்கள் அதிர்ஷ்டம், பித்தளை டம்ளரின் வெளிக்கோடு ரேக்குக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அடி சுமார் 50 செ.மீ., வாய் 75, உயரம் 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வெளிப்புறமாகச் சாயும் குழாய்கள்தான் ஃபிரேமைத் தாங்கும் இரண்டு இடங்கள். வாயின் விளிம்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே மடங்கட்டும், அதுதான் பார்த்தவுடன் டம்ளர் என்று சொல்லவைக்கும், ஆனால் விரலளவுக்கு மேல் வேண்டாம், சட்டை மாட்டும். அடிக்கோட்டைத் தரையோடு ஒட்டாமல் 15 செ.மீ. உயரத்தில் வைத்து, கால்கள் மட்டும் கீழே இறங்கட்டும். பார்வையற்றவரின் கோல் தட்டிப்பார்த்து அறிய அந்தக் குறுக்குக் கம்பி உதவும். நடுவில் 50 செ.மீ. உயரத்தில் இன்னொரு கம்பி கொடுத்தால் குழந்தைகள் சைக்கிளும் பார் இல்லாத தாழ்ந்த வண்டிகளும் பூட்ட வசதி. அதைக் காபி எதுவரை இருக்கிறது என்று காட்டும் கோடாக வைத்துக்கொள்ளலாம். முக்கால் டம்ளருக்குக் கீழே வைத்தால் கஞ்சத்தனம் என்று வாடிக்கையாளர் சொல்வார்கள், அது உங்கள் பாடு.

மேலே ஆவி பறக்கிற மாதிரி வளைந்த கம்பிகள் வைக்கலாமே என்று வடிவமைக்கிறவர் ஆசைப்படுவார். விடாதீர்கள். குனிந்து பூட்டுகிறவரின் முகத்துக்கு நேராக வரும், ஹேண்டில்பாரும் பிரேக் கம்பியும் சிக்கும். டவராவை ஏன் விடச் சொன்னேன் என்றால், அது அகலமாகத் தாழ்வாக இருக்கும் பாத்திரம். முப்பரிமாணமாகச் செய்தால் கால் தட்டும், மழைத் தண்ணீரும் காபிக் கோப்பைக் குப்பையும் சேரும். வெளிக்கோடாகச் செய்தாலும் பெடல் வரும் உயரத்திலேயே நீட்டிக்கொண்டு வண்டியைக் கிட்டே வரவிடாது. டவரா இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால் தரையில் போடுங்கள். ரேக்கைச் சுற்றி நிறமூட்டிய கான்கிரீட்டில் ஒரு பெரிய வட்டம், டம்ளர் அதன் நடுவே நிற்கட்டும். சைக்கிள் நிறுத்தும் இடம் இதுதான் என்று காட்டுவதற்கும் ஆகும். பித்தளைப் பட்டை மட்டும் பதிக்காதீர்கள், மழையில் வழுக்கும்.

இரண்டு டம்ளர், 90 செ.மீ. இடைவெளி, நான்கு வண்டி. ஒரு சின்னக் கடைக்கு அது நல்ல ஆரம்பம்.

பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. பித்தளை நிறம் வேண்டும் என்று பவுடர் கோட்டிங் போடுவீர்கள். யூ பூட்டு உரசி உரசிச் சீக்கிரமே சில இடங்களில் உரிந்துவிடும், உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். எனவே உள்ளே கால்வனைஸ் செய்துவிட்டு அதன்மேல் நிறம் அடிக்கச் சொல்லுங்கள். பணம் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு, நிறத்தை மறந்துவிடலாம். எவர்சில்வர் டம்ளர் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நம் வீடுகளில் இப்போது அதுதானே இருக்கிறது. உருண்டைக் குழாயைக் கையடக்கமான குழாய்வெட்டியால் சத்தமில்லாமல் அறுத்துவிடலாம், சதுரக் குழாயில் அந்தக் கருவி சுற்றாது. திருட்டு அதிகமுள்ள தெரு என்றால் சதுரம்தான். தடிமன் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், பூட்டு சுற்றி வராது.

வெல்டிங் இணைப்புகளில் கஞ்சம் பிடிக்காதீர்கள். டொராண்டோவில் 1984இல் ஒரு கட்டடக்கலை மாணவர் வடிவமைத்த கம்பமும் வளையமும் கொண்ட ரேக் இருக்கிறது. அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்ட அழகான வடிவம், ஆயிரக்கணக்கில் நட்டிருந்தார்கள். 2006இல்தான் தெரிந்தது, ஒரு மரச்சட்டத்தை வளையத்துக்குள் விட்டு நெம்பினால் வார்ப்பு வளையம் உடைந்துவிடும் என்று. நகராட்சி ஊர் முழுக்கப் போய் வலுவூட்ட வேண்டியதாயிற்று. வடிவத்தில் குறை இல்லை, வலுவில்தான் குறை. உங்கள் டம்ளர் தயாரானதும் தரையில் நடுவதற்கு முன்னால் பட்டறையிலேயே ஒரு கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்துவிடுங்கள்.

அனுமதி விஷயம். நடைபாதை நகராட்சியின் சொத்து. உங்கள் வாசலுக்கு நேராக இருந்தாலும் அனுமதி இல்லாமல் துளை போட முடியாது. பல அமெரிக்க நகரங்களில் கடைக்காரர் விண்ணப்பித்தால் சாதாரண ரேக்கை இலவசமாகவே நட்டுக்கொடுக்கிறார்கள். நீங்களே செய்த வடிவம் என்றால் வரைபடம், காப்பீடு, பராமரிப்பு ஒப்பந்தம் என்று கேட்பார்கள். சில ஊர்களில் பொதுக்கலைத் துறையே இதற்குக் கைகொடுக்கிறது; நாஷ்வில் நகரம் கலைஞர்களை வைத்து மைக்ரோபோன் வடிவத்திலெல்லாம் ரேக் செய்திருக்கிறது. உங்கள் ஊர் கலை ஆணையத்திடம் கேட்டுப்பார்ப்பதில் நஷ்டமில்லை. தெருவில் கார் இடத்தைக் கேட்டு வாங்கினால் கூடுதலாக ஒரு வேலை வரும்: தெருப் பெருக்கும் வண்டி ரேக்குகளுக்கு நடுவே நுழையாது. போர்ட்லாந்தில் இலையையும் குப்பையையும் கூட்டும் பொறுப்பைக் கடைக்காரர் எழுத்தில் ஏற்க வேண்டும். இலையுதிர்காலத்தில் அது சின்ன வேலை இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டிபன் கடை என்றால் பார்சல் எடுக்க டெலிவரிக்காரர்கள் வருவார்கள். அவர்களின் மின்சார வண்டி கனமானது, தடித்த டயர், பின்னால் பெரிய பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் யூ பூட்டு போடப்போவதில்லை. ரேக்கின் வாயை மறித்து நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவருவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. இரண்டு டம்ளருக்கும் அப்பால், வாசலுக்குக் கிட்டே இருக்கும் பக்கமாக, ரேக் எதுவும் நடாமல் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெறும் இடம் விட்டு, தரையில் ஒரு கட்டம் வரைந்துவிடுங்கள். வரைபடம் கொடுக்கும்போதே அதையும் காட்டிவிட்டால், பின்னால் தனியாக அனுமதிக்கு அலைய வேண்டியிருக்காது.